குறுக்குக் காற்று

ஏழு மணிக்குள் மீனம்பாக்கத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.
பெரிய விமானங்கள் வரிசை கட்டிவிட்டால்
நான்கு இருக்கைச் செஸ்னாவை
யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

பின்னால் சற்குணம்,
தரையில் அறுத்த ஓட்டைமேல் காமிராவைக் கவிழ்த்துக்கொண்டு.
முன்னால் நான்.
டேஷ்போர்டின்மேல், திசைகாட்டிக்கு நேர் கீழே,
ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய
சாட்டிலைட் ரேடியோ.
டிபன் பாக்ஸ் மூடி அளவு ஆன்டெனா
கண்ணாடியோரம் ஒட்டுநாடாவில்.
ஒயர் ஹெட்செட்டுக்கு.
டவர் பேசினால் பாட்டு தானாக அடங்கிக்கொள்ளும்,
மாமனார் வந்த கூடம் மாதிரி.

வேலை பள்ளிக்கரணைச் சதுப்பை
மூவாயிரம் அடியிலிருந்து வரிவரியாக உழுவது.
மேடவாக்கத்தில் தொடங்கிக் கடல் வரை ஒன்று.
திரும்பு.
கடலிலிருந்து மேடவாக்கம் வரை ஒன்று.
திரும்பு.

கிழக்கே போனால் பாட்டு வரும்.
சாட்டிலைட் அந்தப் பக்கத்து வானத்தில்.
மேற்கே திரும்பினால் கூரை மறைத்துவிடும்,
எஞ்சின் மட்டும்தான்.

அதனால் அந்தத் தை மாசியில்
எனக்கு எல்லாமே பாதி தெரியும்.
எட்டேகாலுக்கு ஒரு தொடர் நாடகம்.
கிழக்கு வரியில் சுலோச்சனா பெட்டி கட்டினாள்,
ரயிலுக்கு இன்னும் அரைமணி என்றாள்.
மேற்கு வரி, ஆறு நிமிடம்.
அடுத்த கிழக்கில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்,
யாரோ காபி ஆற்றும் சத்தம்.

"புருஷன் கால்ல விழுந்திருப்பான்," என்றான் சற்குணம்.
"இல்லை. ரயிலில் ஏறிவிட்டாள்.
காபி ரயிலில்தான்."
"ரயில்ல யாரு மேடம் ஆத்தித் தருவா?"
இண்டர்காமில் அடித்துக்கொண்டோம்
பெருங்குடிக் குப்பைமேட்டின் புகைக்கு மேலே.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம்.
வரிகள் சாய்ந்திருக்கின்றன.
படத்தோடு படம் சேராத இடத்தில்
ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி.
இரண்டு தெரு, ஒரு பால் பூத்,
பாதி எழும்பிய அப்பார்ட்மெண்ட்,
எருமைகள் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்,
எந்தப் படத்திலும் இல்லை.
காரணத்தை எழுத்து மூலம் தரவும்.

அன்றிரவு சமையல் மேடையில் ரேடியோவை வைத்து
பக்கத்தில் பையனின் ஸ்கூல் காம்பஸை நகர்த்தினேன்.
முள் மெல்லத் திரும்பி
ஸ்பீக்கரைப் பார்த்து நின்றது,
அதுவும் கேட்கிற மாதிரி.
ஸ்பீக்கருக்குள் காந்தம்.
எத்தனை பரீட்சையில் எழுதியிருப்பேன் இதை!
கால்மணிக்கு ஒருமுறை
காம்பஸைப் பார்த்துக் கைரோவைத் திருத்தினேன்,
கவனமாக,
விதிப்படி,
நான்கு டிகிரி தப்பாக.

காரணம் என்ற கட்டத்தில்
குறுக்குக் காற்று என்று எழுதினேன்.
சற்குணம் படித்தான்.
என் முகத்தைப் பார்த்தான்.
அடியில் கையெழுத்துப் போட்டான்,
தேதி போட மறந்து, திரும்ப வாங்கிப் போட்டான்.

பங்குனியில் மறுபடி பறந்தோம்.
டேஷ்போர்டில் ஒட்டுநாடாவின் பிசுக்கு மட்டும்.
விட்டுப்போன ஆப்பு கீழே வந்தது.
அப்பார்ட்மெண்டுக்கு ஒரு மாடி கூடியிருந்தது.
தண்ணீர் வற்றி எருமைகள் வேறெங்கோ.
நான் தவறவிட்டது
இனி யாருக்கும் கிடைக்காது.
வரைபடத்தில் அந்த இடத்துக்கு மட்டும்
வேறு மாதம்.

கிழக்கிலும் எஞ்சின், மேற்கிலும் எஞ்சின்.
கடல்மேல் திரும்பும்போது,
இறக்கை ஒன்று தண்ணீரைக் காட்டிச் சாய்ந்திருக்க,
காதில் அவன் குரல்:
"மேடம், நீங்க சொன்னதுதான் சரி.
ஏறிட்டா.
ஆனா அரக்கோணத்துலயே இறங்கியிருப்பா."

"படம் எடு," என்றேன்.
"வரி தொடங்கிவிட்டது."